தீதிலாக் கட்டி: ஒரு மருத்துவக் கருத்தின் சமூக வரலாறு

மருத்துவ வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதனைக் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதி வந்துள்ளனர். நோயாளர் யார், எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் வாழ்ந்தவர், அவருடலிற் கத்தி வைப்பதா விடுவதா என்று தீர்மானித்தவர் யார் என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. தீதிலாக் கட்டி பற்றிய கருத்தினை இவ்வினாக்களின் துணையுடன் நோக்குவதே ஈண்டு எமது முயற்சியாகும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தமிழிற் கட்டி என்பது சீழ்பிடித்த கொப்புளத்தையும் கழலையையும் புற்றையும் ஒருங்கே சுட்டுவது. நவீன மருத்துவம் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. தோன்றிய இடத்திலேயே வளர்ந்து, அயல் இழையங்களை ஊடுருவாது, குருதி நிணநீர் வழியே பிற உறுப்புகளுக்குப் பரவாதிருப்பது தீதிலாக் கட்டி. ஊடுருவிப் பரவுவது புற்று. ஆயினும் 'தீதிலா' என்னும் அடைமொழி மயக்கந் தருவதே. மூளையுறையிலே தோன்றும் கட்டி, எங்கும் பரவாமலே, மண்டையோட்டினுள் மூளையை நெருக்கி உயிரைப் போக்கவல்லது. தோலின்கீழ் வளரும் கொழுப்புக் கட்டியோ வாழ்நாள் முழுவதும் வாளாவிருக்கலாம். எனவே கட்டியின் பெயர் மட்டும் சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. இருக்குமிடம், பருமன், வளரும் வேகம், விளைக்கும் துன்பம், அது புற்றோ என்னும் ஐயம் ஆகிய யாவும் கருதப்படல் வேண்டும்.

வயிற்றைத் திறந்து கட்டியகற்றும் சத்திரசிகிச்சையின் தொடக்கமாகப் பொதுவிற் காட்டப்படுவது 1809ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததாகும். ஜேன் ரொட் குரோஃபோட் என்ற பெண் தாம் கருவுற்றிருப்பதாகவே நம்பியிருந்தார். எஃபிரெயிம் மக்டவல் என்னும் வைத்தியர் அது சூலகக் கட்டியெனக் கண்டார். ஏறத்தாழ 60 மைல் தூரம் குதிரைமீது வந்த அப்பெண்ணின் வயிற்றிலிருந்து 22½ இறாத்தல் நிறையுள்ள கட்டி 25 நிமிடங்களில் அகற்றப்பட்டது. ஈதர் மயக்கமருந்தின் பயன் பொஸ்ரனிற் பகிரங்கமாக நிறுவப்பட்டது 1846இலேயே என்பதை நினைவுகூர்ந்தால் அவர் பட்டது என்னவென்பது புலனாகும். அவர் 1842 வரை வாழ்ந்தார்.

இவ்வளவும் பாடநூல்கள் கூறுவன. 1817இல் மக்டவல் தமது கட்டுரையில் மூன்று நோயாளரைப் பற்றி எழுதினார் என்பதையும் அவை கூறும். ஏனைய இருவரும் அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்கள் என்பதை அவை விரைந்து கடந்து செல்லும். குரோஃபோட் அம்மையாரின் பெயர் நிலைத்தது; மற்றையோரின் பெயரை எழுதவேண்டுமென எவருக்கும் தோன்றவில்லை. கட்டியை அகற்றுமாறு கேட்கும் உரிமையோ, வேண்டாமெனும் உரிமையோ அவர்களுக்குச் சட்டப்படி இருந்ததில்லை. அவர்களின் உடல் பிறர் உடைமை. விஞ்ஞானத்தின் முன்னேற்றத்தை நாம் மறுக்கவில்லை. அம்முன்னேற்றத்தின் முதற்செலவை யார் செலுத்தினர் என்பதையே கேட்கிறோம்.

கட்டியின் உள்ளமைப்பை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயும் நெறியை வளர்த்தவருள் தலையாயவர் ஜேர்மானியரான ருடோல்ஃப் விர்ச்சோ. 1848இல் மேற் சைலீசியாவிற் பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்று, வறுமையும் ஆட்சிமுறையுமே அதற்குக் காரணமென அறிக்கையிட்டவர் இவரே. கருப்பைத் தசைக்கட்டி மழமழப்பான தசையிலிருந்து தோன்றுவதென நிறுவியவரும் இவரே. ஆயின் அவரது நெறிக்கும் எல்லை இருந்தது. 1887இல் முடிக்குரிய இளவரசர் பிரீட்ரிஷின் குரல்வளையிற் தோன்றிய வளர்ச்சி புற்றென ஜேர்மானிய வைத்தியர் கருதினர். ஆங்கில வைத்தியரான மொரெல் மக்கென்சி கிள்ளியெடுத்தனுப்பிய துணுக்குகளிற் புற்றின் அடையாளம் எதனையும் விர்ச்சோ காணவில்லை. சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது. ஆண்டிறுதிக்கு முன்பே புற்று உறுதியாயிற்று. 1888 மார்ச்சில் அரியணையேறிய மன்னர் 99 நாட்களே ஆண்டு ஜூன் 15இல் இறந்தார். விர்ச்சோ கண்ட துணுக்குப் பொய்யன்று. கட்டி முழுவதற்கும் அது சான்றாகவில்லை. (அம்மன்னர் வாழ்ந்திருந்தால் முதலாம் உலகப்போரே நிகழ்ந்திராது என்று கூறுவோருளர். ஏகாதிபத்தியங்களின் சந்தைப் போட்டியை ஒருவரின் தொண்டையிற் தேடுவது எமக்கு உடன்பாடன்று.)

வயிற்றுச் சத்திரசிகிச்சை பரவலானதற்கு மயக்கமருந்துடன் லிஸ்ரரின் கிருமியழிப்பு முறையும் வேண்டியிருந்தது. லிஸ்ரர் அம்முறையை வெளியிட்ட 1867ஆம் ஆண்டிலேயே மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீனின் 'இரண வைத்தியம்' தமிழில் வெளிவந்தது எமக்குப் பெருமை தரும் செய்தி.

கருப்பைத் தசைக்கட்டி பெண்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் தீதிலாக் கட்டி. பலர் அதனை உணர்வதேயில்லை. மாதவிடாய் நின்றபின் அது பெரும்பாலும் சுருங்கிவிடும். புற்றாயிருப்பது மிக அரிது. மிகுந்த குருதிப்போக்கும் அதனால் குருதிச்சோகையும் ஏற்படுமிடத்து, சிறுநீர்ப்பை நெருக்கப்படுமிடத்து, கருத்தரிப்புத் தடைப்படுமிடத்து, அல்லது விரைவாக வளர்ந்து ஐயம் எழுமிடத்து மட்டுமே சிகிச்சை வேண்டப்படுகிறது. அப்போதும் மருந்துண்டு, கட்டியை மட்டும் அகற்றலாம், கட்டிக்குச் செல்லும் நாடியை அடைக்கலாம். கருப்பையை முற்றாக நீக்குவது இவற்றுள் ஒரு வழியே.

இவ்வறிவு யாருக்கு எட்டுகிறது? இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்துப் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டச் செல்லும் கூலியாளர்கள் கணவனும் மனைவியும் சேர்ந்த ஓரலகாகவே அமர்த்தப்படுகின்றனர். அவ்வலகுக்குக் 'கொய்தா', அதாவது அரிவாள், என்றே பெயர். தரகர் முற்பணம் தருவார். வேலைக்கு வராத நாளுக்குத் தண்டம் பிடிப்பார். வயல்வெளியில் மலசலகூடமில்லை, மாதவிடாய் நாட்களுக்கு விடுப்பில்லை. 2019இல் மாநில அரசு அமைத்த குழு 82,000க்கு மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் திரட்டியபோது 13,000க்கு மேற்பட்டோர் கருப்பை நீக்கப்பட்டவர்களாயிருந்தனர். வெள்ளைபடுதல், வயிற்றுநோ, சிறு கட்டி எனச் சென்றோர் பலரிடம், இது புற்றாகும் என்ற அச்சம் தனியார் வைத்தியசாலைகளில் ஊட்டப்பட்டது. அதற்கான செலவும் பலருக்குக் கடனாகவே முடிந்தது.

இங்கு வைத்தியரின் பேராசையை மட்டும் சாடுவோர் பாதியையே காண்கின்றனர். மாதந்தோறும் மூன்று நாள் கூலியும் அதன்மேல் தண்டமும் இழப்பதிலும் கருப்பையை இழப்பது மேல் என்று ஒரு பெண் கணக்கிடும் நிலையிற்றான் அப்பேராசைக்குச் சந்தை உண்டாகிறது. அகற்ற வேண்டிய கட்டியுடன் பணமின்றிக் காத்திருப்பவளும், அகற்ற வேண்டாத உறுப்பைக் கடன்பட்டு அகற்றுபவளும் ஒரே குடிசை வரிசையில் வாழ்கின்றனர். கருப்பையை இழந்தோருட் பலர் நாற்பது வயதை எட்டாதவர்கள். முதுகுவலியோடும் உடற்சோர்வோடும் அவர்கள் அடுத்த பருவத்திலும் கரும்புக் கட்டுகளைத் தலையிற் சுமந்து லொறிகளில் ஏற்றினர்.