வழித்தங்கல் (தருமபுரி மாவட்டம்)

அறை, சாப்பாடு, பீப்பாயில் புளித்த பீர் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் விற்பது இங்கிலாந்தின் கிராமத்து விடுதி. தருமபுரி வட்டாரத்தில் இந்த மூன்றும் ஒன்றாக நிற்கவில்லை. தங்கலும் சோறும் தருமத்தின் பக்கம் சேர்ந்தன. பீரின் இடத்திலிருந்த கள் கடைக்குப் போயிற்று.

ஆதியில் இப்படிப் பிரிந்திருக்கவில்லை. தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு, அவன் கள்ளையும் சோற்றையும் பிறரோடு பகிர்ந்த விதத்தைச் சொல்லித்தான் அழுகிறது. விருந்தோம்பலுக்கு இதைவிடப் பழைய சாட்சி இம்மாவட்டத்துக்கு வேண்டியதில்லை.

அடுத்த சாட்சி கல்லில் இருக்கிறது. இங்கே கிடைத்த இரண்டு இடைக்காலக் காதக்கற்கள் 'அதியமான் பெருவழி'யைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. நாவல் தாவளத்துக்கு ஒன்று 29 காதம் என்கிறது, மற்றது 27 காதம் என்கிறது. தாவளம் என்றால் வணிகர் பொதி இறக்கித் தங்கும் இடம். அரண்மனையையோ கோயிலையோ விட்டுவிட்டுத் தங்குமிடத்தை வைத்துத் தூரம் அளந்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் சத்திரமும் சாவடியும் வந்தன. சேலத்திலிருந்து வடக்கே போகும் சாலை தொப்பூர்க் கணவாயில் மேடேறுகிறது. மாடு இளைப்பாறாமல் வண்டி நகராது. திண்ணை, கிணறு, சுமைதாங்கிக் கல் இருந்தால் போதும், வழிநடைக்காரன் இரவைக் கழித்துவிடுவான். 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குவிதி, சென்னை மாகாணத்தின் சத்திர மானியங்களை வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் வைத்தது.

கடைக்குப் போன கள்ளுக்கு மால்ட்டும் வேண்டாம், ஈஸ்ட் சேர்க்கவும் வேண்டாம். பாளையில் வடியும் சாறு காற்றிலுள்ள நுண்ணுயிர்களாலேயே சில மணி நேரத்தில் புளித்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீராக நிற்கும். கள்ளுக்குத் தடை வந்தபோது தருமபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததும் அந்தச் சேலத்தில்தான். இடையில் தளர்ந்தும் இறுகியும் வந்த தடை, 1987 முதல் கள்ளுக்கு இன்றுவரை நீடிக்கிறது.

தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். லாரிகள் கணவாயை ஒரே மூச்சில் கடக்கும் காலத்தில் சத்திரத்தின் இடத்தை லாட்ஜும் மெஸ்ஸும் பிடித்துக்கொண்டன. ஆனால் ஒகேனக்கலில் பழைய வழக்கத்தின் சாயலைப் பார்க்கலாம்: வந்தவர்கள் காவிரி மீனை வாங்கிக் கொடுக்கிறார்கள், உள்ளூர்ப் பெண்கள் கூலிக்கு மசாலா அரைத்து, குழம்பு வைத்து, வறுத்தும் தருகிறார்கள்.