ஊவே ஃபுண்டின்

ஊவே ஃபுண்டின் (பிறப்பு: 23 மே 1933, டிரானோஸ்) ஸ்வீடன் நாட்டின் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். தனிநபர் உலகப் பட்டத்தை 1956, 1960, 1961, 1963, 1967 என ஐந்து முறை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் ஸ்வீடன்காரரும் இவரே. தலைமுடி செம்பட்டையாக இருந்ததால் இங்கிலாந்து ரசிகர்கள் இவரைப் 'பறக்கும் நரி' என்றனர். சொந்த நாட்டில் வெறும் 'நரி'.

ஃபுண்டினின் வெற்றிகளை எடைபோட அக்கால ஆட்டமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீட்வே பைக் 500 சிசி எஞ்சின் கொண்டது. ஒரே கியர், பிரேக் கிடையாது, எரிபொருள் மெத்தனால். நான்கு பேர் நீள்வட்ட மண்பாதையில் இடஞ்சுழியாக நான்கு சுற்று ஓட்டுவார்கள். வளைவில் வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு பொருத்திய இடது காலணியைத் தரையில் தேய்த்தபடி திரும்புவார்கள். முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை.

உலகப் பட்டத்தின் இறுதிச்சுற்று ஒரே இரவில் முடிந்துவிடும். தகுதி பெற்ற 16 பேருக்கும் தலா ஐந்து ஓட்டம். முழுப் புள்ளி 15. ஓர் ஓட்டம் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும். ஆக, ஓராண்டு உழைப்பின் பலன் சுமார் ஆறு நிமிட ஓட்டத்தில் தீர்மானமாகிவிடும். ஒரு தடவை எஞ்சின் மக்கர் செய்தால், ஒரு தடவை புறப்பாடு பிசகினால் அந்த ஆண்டு போனதுதான். இத்தகைய ஆட்டத்தில் 1956 முதல் 1965 வரை தொடர்ந்து பத்து இறுதிச்சுற்றுகளில் ஃபுண்டின் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். ஐந்து பட்டங்களைவிட இதுவே பெரிய சாதனை எனலாம்.

ஸ்வீடனில் லின்ஷோபிங் நகரின் ஃபில்பிட்டர்னா அணியில் தொடங்கியவர், 1954இல் லண்டன் வெம்பிளியில் முதன்முறையாக உலக இறுதிச்சுற்றில் ஓட்டினார். அன்று பட்டியலின் அடிப்பகுதியில்தான் இடம் கிடைத்தது. 1955இல் இங்கிலாந்தின் நோரிச் ஸ்டார்ஸ் அணியில் சேர்ந்தார். 'தி ஃபர்ஸ்' என்ற அதன் அரங்கு 1964இல் மூடப்படும்வரை அவர் பெயரும் அந்த ஊரின் பெயரும் பிரியாமல் இருந்தன.

இங்கிலாந்தில் சேர்ந்த மறு ஆண்டே பட்டம் கைக்கு வந்தது. 1956 வெம்பிளி இறுதிச்சுற்றில் 13 புள்ளி எடுத்து, நியூசிலாந்தின் ரோனி மூரை ஒரு புள்ளியில் முந்தினார். அதன்பின் மூன்று ஆண்டுகள் இரண்டாமிடம்தான். 1957இல் அவரும் நியூசிலாந்தின் பாரி பிரிக்ஸும் தலா 14 புள்ளியில் சமமாக நின்றனர். முடிவு காண நடத்திய கூடுதல் ஓட்டத்தில் பிரிக்ஸ் வென்றார். 1958இல் மீண்டும் பிரிக்ஸ், 1959இல் மூர். அந்த இருவரும் தாம் பட்டம் வென்ற இரவில் ஐந்து ஓட்டங்களையும் வென்று முழுப் புள்ளி எடுத்ததால் ஃபுண்டினைக் குறை சொல்வதற்கில்லை.

1960இல் கதை திரும்பியது. ஃபுண்டின், மூர், இங்கிலாந்தின் பீட்டர் கிரேவன் மூவரும் தலா 14 புள்ளி. மூவருக்கும் நடந்த கூடுதல் ஓட்டத்தில் ஃபுண்டின் முதலில் வந்தார். 1961இல் இறுதிச்சுற்று முதன்முறையாக வெம்பிளியை விட்டு ஸ்வீடனின் மால்மோ நகருக்குப் போனது. அங்கு ஃபுண்டின், பியோர்ன் க்நுட்சன், யோத்தே நூர்டின் என மூன்று இடங்களையும் ஸ்வீடன்காரர்களே பிடித்தனர். 1962இல் மூன்றாமிடம், 1963இல் க்நுட்சனை ஒரு புள்ளியில் முந்தி நான்காவது பட்டம். அடுத்த இரண்டு ஆண்டுகளும் மூன்றாமிடம். 1965இல் வென்றவர் க்நுட்சன்.

1966 இறுதிச்சுற்றில் ஃபுண்டின் இல்லை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. நியூசிலாந்திலிருந்து ஐவன் மேஜர் என்ற புதியவர் எழுந்து வந்துகொண்டிருந்தார். நரியின் காலம் முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு 1967 செப்டம்பரில் வெம்பிளியில் பதில் கிடைத்தது. ஃபுண்டினும் சக நாட்டவர் பெங்க்ட் யான்சனும் 14 புள்ளியில் சமம், மேஜருக்கு 13. கூடுதல் ஓட்டத்தில் 34 வயது ஃபுண்டின் யான்சனை வென்றார். பத்தாண்டுக்கு முன் இதே அரங்கில், இதே புள்ளியில், இதே வகை ஓட்டத்தில் பட்டத்தை இழந்தவர் என்பதால் ஐந்திலும் இந்தப் பட்டத்துக்கே தனி மதிப்பு.

அணிப் போட்டிகளிலும் குறைவில்லை. உலக அணிக் கோப்பை 1960இல் தொடங்கியது. 1960, 1962, 1963, 1964, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் அதை வென்ற ஸ்வீடன் அணியில் ஃபுண்டின் இருந்தார். 1968இல் டோர்பியோர்ன் ஹாரிசனுடன் இணைந்து உலக இரட்டையர் போட்டியை வென்றார். பிரிட்டனில் நோரிச்சுக்குப் பிறகு பெல் வியூ, வெம்பிளி லயன்ஸ் முதலிய அணிகளுக்கு ஓட்டினார்.

களத்தில் முரட்டுத்தனமும் பதற்றமும் கலந்தவர். தோற்ற நாளில் அவர் பக்கம் போக அணித் தோழர்களே தயங்குவார்களாம். இதற்கு மாறாக க்நுட்சனின் ஓட்டம் லாவகமானது. அதை ரசித்தவர்கள் பலர். ஆனால் பட்டக் கணக்கில் க்நுட்சனுக்கு ஒன்று, ஃபுண்டினுக்கு ஐந்து.

ஐந்து பட்டம் என்ற எல்லையை 1979இல் தம் ஆறாவது பட்டத்தால் தாண்டியவர் அதே ஐவன் மேஜர். ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் 2005இல் ஆறை எட்டினார். அதற்குள் ஒரே இரவு இறுதிச்சுற்று வழக்கொழிந்து, 1995 முதல் பல ஊர்களில் நடக்கும் கிராண்ட் பிரி தொடர் வந்துவிட்டது.

2001இல் தொடங்கிய ஸ்பீட்வே உலகக் கோப்பைக்கு ஊவே ஃபுண்டின் கோப்பை என்று பெயர் சூட்டப்பட்டது. ஸ்வீடன் அணி அதை 2003, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் வென்றது.