மூக்கி பெட்ஸ் பரிமாற்றம்

மூக்கி பெட்ஸ் பரிமாற்றம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் முதன்மை அடிபந்தாட்ட (பேஸ்பால்) அமைப்பான மேஜர் லீக் பேஸ்பாலில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி தன் முன்னணி வீரரான மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்த நிகழ்வைக் குறிக்கும். இப்பரிமாற்றம் 2020 பெப்ரவரி 10 அன்று உறுதியானது. அணி நிர்வாகம் எடுக்கும் பரிமாற்ற முடிவுகளையும் செலவு முடிவுகளையும் இரசிகர்கள் எவ்வாறு எடைபோடுகிறார்கள் என்பதற்கு இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு வீரரின் திறமை குறித்து எவருக்கும் ஐயம் இல்லாதபோதும், அவரை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதில் நிர்வாகமும் இரசிகர்களும் வெவ்வேறு கணக்குகளைப் போட்டனர் என்பதே இந்நிகழ்வின் முக்கியத்துவம் ஆகும்.

பின்னணி

மூக்கி பெட்ஸ்

மார்க்கஸ் லின் பெட்ஸ் என்னும் இயற்பெயர் கொண்ட மூக்கி பெட்ஸ் 1992ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தவர். 2011ஆம் ஆண்டின் இளம் வீரர் தெரிவில் ரெட் சாக்ஸ் அணி இவரை ஐந்தாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை அணிகளில் பயிற்சி பெற்று, 2014இல் முதன்மை அணியில் இடம்பெற்றார். வலப்புற வெளிக்களத்தில் ஆடிய இவர் அடித்தல், ஓட்டம், களத்தடுப்பு ஆகிய மூன்றிலும் சிறந்து விளங்கினார்.

2018ஆம் ஆண்டில் 0.346 என்ற அடி சராசரியுடன் 32 ஹோம் ரன்களை அடித்து, அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். அவ்வாண்டு ரெட் சாக்ஸ் அணி 108 ஆட்டங்களில் வென்றதுடன், உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் அணியை 4-1 என்ற கணக்கில் வீழ்த்தி வாகை சூடியது. தன் சொந்தப் பயிற்சி அமைப்பில் வளர்ந்த வீரர் என்பதால் பாஸ்டன் இரசிகர்கள் இவரைத் தங்களுள் ஒருவராகவே கருதினர்.

கட்டற்ற வீரர் விதி

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு வீரர் ஆறு ஆண்டுகள் முதன்மை அணியில் பணியாற்றிய பின்னரே கட்டற்ற வீரர் ஆகி, தான் விரும்பும் அணியுடன் ஒப்பந்தம் செய்ய முடியும். அதுவரை அவருக்கான உரிமை ஒரே அணியிடம் இருக்கும். பொதுவாக முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்ச அளவை ஒட்டிய ஊதியமும், அடுத்த மூன்று ஆண்டுகள் நடுவர் முறையின் வழியே உயர்ந்து செல்லும் ஊதியமும் கிடைக்கும். ஒப்பந்தத்தில் தனி விதி இல்லாவிடில், பெரும்பாலான வீரர்களை அவர்களது ஒப்புதல் இன்றியே வேறு அணிக்கு மாற்றலாம்.

பெட்ஸ் 2020ஆம் ஆண்டின் இறுதியில் கட்டற்ற வீரர் ஆகவிருந்தார். அவ்வோராண்டுக்கு 27 மில்லியன் டாலர் ஊதியம் பேசி முடிக்கப்பட்டிருந்தது. நீண்டகால ஒப்பந்தத்துக்கு ரெட் சாக்ஸ் நிர்வாகம் 10 ஆண்டுகளுக்கு 300 மில்லியன் டாலர் அளிக்க முன்வந்ததாகவும், பெட்ஸ் தரப்பு 12 ஆண்டுகளுக்கு 420 மில்லியன் டாலர் கேட்டதாகவும் செய்திகள் வெளியாகின.

ஆடம்பர வரி

மேஜர் லீக் பேஸ்பாலில் அணிகளின் ஊதியச் செலவுக்குக் கட்டாய உச்சவரம்பு கிடையாது. அதற்கு மாற்றாக, ஆடம்பர வரி எனப் பரவலாக அறியப்படும் போட்டிச் சமநிலை வரி உள்ளது. ஓர் அணியின் மொத்த ஊதியச் செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி செலுத்த வேண்டும். 2020ஆம் ஆண்டுக்கான வரம்பு 208 மில்லியன் டாலர் ஆகும். அப்போதைய உடன்படிக்கையின்படி அடிப்படை வரிவீதங்கள் பின்வருமாறு:

* முதல் ஆண்டு தாண்டினால்: 20%
* தொடர்ந்து இரண்டாம் ஆண்டு: 30%
* தொடர்ந்து மூன்றாம் ஆண்டும் அதற்குப் பின்னும்: 50%

ஓராண்டு வரம்புக்குள் இருந்துவிட்டால் வீதம் மீண்டும் 20% என்ற தொடக்க நிலைக்குத் திரும்பும். எடுத்துக்காட்டாக, ஓர் அணி வரம்பை 30 மில்லியன் டாலர் தாண்டினால், மேல்வரிகள் நீங்கலாக, முதல் முறை 6 மில்லியனும், தொடர்ச்சியான மூன்றாம் முறை 15 மில்லியனும் செலுத்த வேண்டியிருக்கும். 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் ரெட் சாக்ஸ் அணி வரம்பைத் தாண்டியிருந்தது. 2018இல் வரம்பை 40 மில்லியனுக்கு மேல் தாண்டியதால், அடுத்த ஆண்டின் இளம் வீரர் தெரிவில் அவ்வணியின் முதல் வாய்ப்பு 10 இடங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

2019 செப்டம்பரில் நிர்வாகத் தலைவர் டேவ் டோம்ப்ரோவ்ஸ்கி நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு வரி வரம்புக்குள் இருப்பதே நோக்கம் என முதன்மை உரிமையாளர் ஜான் ஹென்றி அம்மாதமே வெளிப்படையாகக் கூறினார். குறைந்த செலவில் அணி நடத்துவதற்குப் பெயர்பெற்ற டாம்பா பே ரேஸ் அணியிலிருந்து சாயிம் புளூம் அக்டோபரில் புதிய தலைவராக அமர்த்தப்பட்டார்.

பரிமாற்றம்

2020 பெப்ரவரி தொடக்கத்தில் மினசோட்டா ட்வின்ஸ் அணியையும் உள்ளடக்கிய மூன்று அணிப் பரிமாற்றம் ஒன்று பேசப்பட்டது. இதில் பாஸ்டனுக்கு வரவிருந்த பந்தெறியாளர் ஒருவரின் மருத்துவ அறிக்கை தொடர்பாக எழுந்த சிக்கலால் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் இரு அணிகளுக்கு இடையேயான பரிமாற்றமாக அது மாற்றி அமைக்கப்பட்டது.

டாட்ஜர்ஸ் பெற்றவை:
* மூக்கி பெட்ஸ்
* டேவிட் பிரைஸ் (பந்தெறியாளர்)
* பிரைஸின் எஞ்சிய ஊதியத்தில் பாதித் தொகை

ரெட் சாக்ஸ் பெற்றவை:
* அலெக்ஸ் வெர்டூகோ (வெளிக்கள வீரர்)
* ஜீட்டர் டவுன்ஸ் (உட்கள வீரர்; மைனர் லீக்)
* கானர் வாங் (பிடிப்பாளர், மைனர் லீக்)

பிரைஸ் 2015 டிசம்பரில் 7 ஆண்டுகளுக்கு 217 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்றவர். அதில் மூன்று ஆண்டுகளும் 96 மில்லியன் டாலரும் எஞ்சியிருந்தன. காயங்களால் அவரது ஆட்டம் குன்றியிருந்ததால், இவ்வொப்பந்தம் ஒரு சுமையாகவே பார்க்கப்பட்டது. பெட்ஸைப் பெற விரும்பிய அணி இச்சுமையில் பாதியையும் ஏற்க வேண்டியிருந்தமையால், பாஸ்டனுக்குக் கிடைத்த வீரர்களின் தரம் அந்த அளவுக்குக் குறைந்தது என்பது பரவலான கருத்து.

இரசிகர்களின் மதிப்பீடு

2000களின் தொடக்கம் முதல் அடிபந்தாட்ட இரசிகர்கள் பலர் நிர்வாகங்கள் பயன்படுத்தும் அதே புள்ளியியல் கருவிகளைக் கையாளத் தொடங்கியிருந்தனர். புள்ளியியல் ஆய்வின் முன்னோடியான பில் ஜேம்ஸை ரெட் சாக்ஸ் அணியே 2002இல் ஆலோசகராக அமர்த்தியது. மாற்று வீரர் ஒருவரைக் காட்டிலும் ஒரு வீரர் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாக ஈட்டித் தருகிறார் என்ற அளவீட்டை இன்று சாதாரண இரசிகரும் அறிவார். 2018இல் பெட்ஸின் மதிப்பு இவ்வளவீட்டில் 10 வெற்றிகளுக்கும் மேல் இருந்தது. எனவே இவ்விவாதம் உணர்ச்சிக்கும் கணக்குக்கும் இடையேயான மோதலாக அமையவில்லை. இரு தரப்பிலும் கணக்குகள் இருந்தன.

ஆதரவான வாதங்கள்

* பெட்ஸ் கட்டற்ற வீரராகச் சந்தையைச் சந்திக்க விரும்பினார். அவர் ஓராண்டு ஆடிவிட்டு விலகினால், ஈடாக ஓர் இளம் வீரர் தெரிவு வாய்ப்பு மட்டுமே கிடைத்திருக்கும்.
* நீண்டகால ஒப்பந்தங்களின் பிற்பகுதியில் வீரர்களின் ஆட்டம் முதுமையால் தளர்வது வழக்கம்.
* முந்தைய நிர்வாகம் வெற்றிக்காக இளம் வீரர்களைக் கொடுத்துவிட்டதால், அணியின் பயிற்சி அமைப்பு வறண்டிருந்தது. அதனை மீண்டும் கட்டமைக்கப் பணமும் வீரர்களும் தேவைப்பட்டனர்.

எதிரான வாதங்கள்

* ரெட் சாக்ஸ் அணி மிகுந்த வருவாய் ஈட்டும் அணிகளுள் ஒன்று. அதன் நுழைவுச்சீட்டு விலையும் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. இதன் உரிமையாளரான ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குழுமம் இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தையும் உடைமையாகக் கொண்டது. ஆகவே "முடியாது" என்பது உண்மையில் "விருப்பமில்லை" என்றே பொருள்படும்.
* வரியால் மிச்சமாகும் தொகை, இழக்கும் வீரரின் மதிப்பைவிடச் சிறியது.
* சராசரி வீரர்கள் பலரைச் சேர்த்து ஒரு தலைசிறந்த வீரரை ஈடுசெய்ய இயலாது. ஆடுகளத்தில் இருப்பவை ஒன்பது இடங்களே.
* 27 வயதுடைய, சொந்த அமைப்பில் வளர்ந்த சிறந்த வீரருக்கே பணம் இல்லை எனில், அப்பணம் வேறு எவருக்காகச் சேமிக்கப்படுகிறது?

இறுதிக் கேள்வியே பின்வந்த ஆண்டுகளில் நிர்வாகத்தின் ஒவ்வொரு முடிவையும் அளக்கும் கோலாக அமைந்தது.

பின்நிகழ்வுகள்

2020 ஜூலை 22 அன்று டாட்ஜர்ஸ் அணி பெட்ஸுடன் 2032ஆம் ஆண்டு வரை நீளும் 12 ஆண்டு, 365 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இதில் ஒரு பகுதி பிற்காலத்தில் செலுத்தப்படும். ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 30.4 மில்லியன் ஆகும். பாஸ்டன் முன்வைத்ததாகக் கூறப்பட்ட தொகையின் ஆண்டுச் சராசரியும் 30 மில்லியனே என்பதை இரசிகர்கள் சுட்டிக்காட்டினர். எனினும், பெருந்தொற்று காரணமாகச் சந்தை நிலை மாறிய பின்னர் ஏற்பட்ட ஒப்பந்தம் என்பதால், அதே தொகைக்குப் பெட்ஸ் பாஸ்டனில் தங்கியிருப்பார் என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது.

60 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்ட 2020 பருவத்தில் ரெட் சாக்ஸ் 24 வெற்றி, 36 தோல்வியுடன் தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது. அணி வரி வரம்புக்குள் இருந்தது. அதே ஆண்டு டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது. கடைசி ஆட்டத்தில் பெட்ஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். 2021இல் ரெட் சாக்ஸ் எதிர்பாராத வகையில் அமெரிக்கன் லீக் இறுதித் தொடர் வரை முன்னேறியபோது புளூமின் மீதான கண்டனம் தணிந்தது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அணி மீண்டும் கடைசி இடத்துக்குச் சரிந்தது.

2022 டிசம்பரில் மற்றொரு முன்னணி வீரரான சாண்டர் போகார்ட்ஸ் 11 ஆண்டு, 280 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் சான் டியேகோ பாட்ரேஸ் அணிக்குச் சென்றார். 2023 ஜனவரியில் ரஃபேல் டெவர்ஸுக்கு 10 ஆண்டு, 313.5 மில்லியன் டாலர் நீட்டிப்பு வழங்கப்பட்டது. ஆயினும் அம்மாதம் மாசச்சூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நடைபெற்ற இரசிகர் சந்திப்பில் ஹென்றி, புளூம் ஆகியோருக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. 2023 ஆகஸ்டில் பெட்ஸ் எதிரணி வீரராக ஃபென்வே பார்க் அரங்குக்குத் திரும்பியபோது, பார்வையாளர்கள் எழுந்து நின்று வரவேற்றனர். அடுத்த மாதம் புளூம் பதவி நீக்கம் செய்யப்பட்டார்.

பாஸ்டன் பெற்ற மூவருள் டவுன்ஸ் அவ்வணிக்காக 14 ஆட்டங்களே ஆடினார். வாங் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் முதன்மைப் பிடிப்பாளராக இருந்தார். வெர்டூகோ நான்கு பருவங்கள் ஆடிய பின், 2023 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 2024 உலகத் தொடரில் டாட்ஜர்ஸும் யாங்கீஸும் மோதியபோது, கடைசி அடிவீரராக ஆட்டமிழந்தவர் வெர்டூகோ. வென்ற அணியில் இருந்தவர் பெட்ஸ். 2025இலும் டாட்ஜர்ஸ் வென்றதால் பெட்ஸின் உலகத் தொடர் வெற்றிகள் நான்காயின.

2025 ஜூன் மாதம் டெவர்ஸும் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அப்போது பெட்ஸின் பெயர் மீண்டும் பேசப்பட்டது. ஆனால் அவ்வாண்டு ரெட் சாக்ஸ் 89 ஆட்டங்களில் வென்று, 2021க்குப் பின் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது.

முந்தைய நிகழ்வுகளுடன் ஒப்பீடு

பேப் ரூத் விற்பனை

1919 டிசம்பரில் அப்போதைய உரிமையாளர் ஹாரி ஃபிரேசி, பேப் ரூத்தை யாங்கீஸ் அணிக்குப் பணத்துக்காக விற்றார். அந்நாளில் பாஸ்டனில் கருத்துகள் பிளவுபட்டிருந்தன. ரூத்தின் ஒழுங்கின்மையைச் சுட்டி விற்பனையை ஆதரித்தவர்களும் இருந்தனர். 1918க்குப் பின் 86 ஆண்டுகள் பட்டம் கிடைக்காத நிலையில், அது மாபெரும் பிழை என்ற ஒருமித்த தீர்ப்பு நிலைபெற்றது.

கார்சியபாரா பரிமாற்றம்

2004 ஜூலை 31 அன்று, இரசிகர்களின் பேரன்புக்குரிய நோமார் கார்சியபாராவை நிர்வாகத் தலைவர் தியோ எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸ் அணிக்கு அனுப்பினார். பலர் அதிர்ச்சி அடைந்தனர். மூன்று மாதங்களுக்குள் ரெட் சாக்ஸ் உலகத் தொடரை வென்றது. அதன்பின் அம்முடிவு துணிச்சலானதெனப் பாராட்டப்பட்டது.

மதிப்பீட்டின் சிக்கல்கள்

இம்மூன்று நிகழ்வுகளும், பரிமாற்றம் பற்றிய தீர்ப்பு காலத்தோடு மாறக்கூடியது என்பதைக் காட்டுகின்றன. முடிவு எடுக்கப்பட்ட நாளில் இருந்த தகவல்களைக் கொண்டு மதிப்பிடுவதும், பின்னர் நிகழ்ந்ததைக் கொண்டு மதிப்பிடுவதும் வெவ்வேறானவை. நல்ல முடிவு தீய விளைவைத் தரலாம். தவறான முடிவு நற்பேற்றால் தப்பலாம்.

தவிரவும் விளைவுகளைப் பிரித்தறிவது எளிதன்று. 2020ஆம் ஆண்டின் மோசமான ஆட்டத்தின் பயனாகவே 2021 தெரிவில் நான்காம் இடம் பெற்று, மார்செலோ மேயரைப் பாஸ்டன் தேர்ந்தெடுக்க முடிந்தது. இதனைப் பெட்ஸ் பரிமாற்றத்தின் வரவில் எழுதலாமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

நிர்வாகம் பல பருவங்களின் வாய்ப்புகளைச் சராசரியாகக் கணக்கிடுகிறது. இரசிகரோ ஒரு குறிப்பிட்ட வீரரின் ஆட்டத்தைக் காணவே நுழைவுச்சீட்டு வாங்குகிறார். அவ்வீரரின் சிறந்த ஆண்டுகள் வேறு நகரில் கழிந்தால், அவை எந்தச் சேமிப்பாலும் அவருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. கார்சியபாரா பரிமாற்றம் விரைவில் மன்னிக்கப்பட்டதற்கும், பெட்ஸ் பரிமாற்றம் மன்னிக்கப்படாததற்கும் இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. முன்னது வெல்வதற்காகச் செய்யப்பட்டதாகவும், பின்னது செலவைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டதாகவும் இரசிகர்கள் புரிந்துகொண்டனர்.

இவற்றையும் பார்க்க

* அடிபந்தாட்டம்
* மேஜர் லீக் பேஸ்பால்
* பாஸ்டன் ரெட் சாக்ஸ்
* பேப் ரூத்
* ஃபென்வே பார்க்