மண்சுவரும் டி.டி.டி.யும்

வட இந்தியக் கிராமங்களின் பழைய வீடுகளில், வாசற்கதவை ஒட்டிய சுவரில் சிறிய கட்டம் வரையப்பட்டு, அதனுள் வண்ணத்தில் எழுத்துகளும் தேதிகளும் குறிக்கப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் பணியாளர் அவ்வீட்டுக்கு வந்து சென்றதற்கான சான்று அது. நில வரிக்கும் மக்கள்தொகைக் கணக்குக்கும் வாசலோடு நின்றுவிட்ட அரசு, இத்திட்டத்தின்போது சமையலறைக்கும் படுக்கை விரிக்கும் மூலைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் வந்தது. கோடிக்கணக்கான வீடுகளுக்குள் அரசின் கை நுழைந்த நிகழ்வு இந்திய வரலாற்றில் அதற்கு முன் நடந்ததில்லை.

விதிவிலக்காக 1897ஆம் ஆண்டின் புனே நகரைச் சொல்லலாம். பிளேக் நோயாளிகளைத் தேடி வீடுகளுக்குள் புகுந்த சோதனைக் குழுக்களின் மீதெழுந்த சினம், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் டபிள்யூ.சி. ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டுக் கொல்வதில் முடிந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அதே மேற்கிந்தியாவில், டி.டி.டி. தெளிப்பானுடன் வந்த ஊழியரை மக்கள் கதவு திறந்து வரவேற்றனர். இந்த மாற்றத்துக்குக் காரணம் விடுதலைக்குப் பின் வந்தது சொந்த அரசு என்பதுதான் என்று கூறுவது எளிது. ஆனால் தெளிப்பு தொடங்கியது 1945-46ஆம் ஆண்டுகளில், பம்பாய் மாகாணத்தின் தார்வார், கனரா மாவட்டங்களில், டி.கே. விஸ்வநாதனின் பொறுப்பில், அதாவது விடுதலைக்கு முன். ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. கயிற்றுக்கட்டிலின் முடிச்சுகளில் தேடுவது பொருத்தம்.

மூட்டைப்பூச்சியை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கட்டிலை வெயிலில் நிறுத்துவது, பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுவது, மண்ணெண்ணெய் தடவுவது, வேப்பிலைப் புகை போடுவது என்று பெண்கள் ஓயாமல் நடத்திவந்த போர் எந்த அரசு ஆவணத்திலும் இடம்பெறவில்லை. டி.டி.டி. தெளித்த அன்றிரவே மூட்டைப்பூச்சி செத்தது, ஈயும் செத்தது. மலேரியா குறைவதை உணர ஒரு பருவமாவது காத்திருக்க வேண்டும். மூட்டைப்பூச்சி ஒழிந்ததை அறிய ஓர் இரவின் உறக்கம் போதும். மக்கள் ஏற்றது அந்த உறக்கத்தைத்தான். திட்டத்தின் நோக்கமோ அனோஃபிலிஸ் கொசு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது பத்தாண்டுகளுக்குள் வெளிப்பட்டது.

சுவரில் மருந்து தெளிக்கும் முறையின் அடிப்படையைச் சற்று விளக்குதல் தகும். மனிதக் குருதியை அருந்திய பெண்கொசு, வயிறு கனத்த நிலையில், அருகிலுள்ள சுவரில் அமர்ந்து செரிக்கிறது. அதன் உடலுள் மலேரியா ஒட்டுண்ணி முதிர்ச்சியடைய ஏறத்தாழ பத்து நாட்களோ அதற்கு மேலோ வேண்டும். அதற்குள் ஒருமுறையேனும் மருந்து படிந்த சுவரில் அமர்ந்தால் கொசு இறக்கும், நோய்ச்சங்கிலி அறும். கொசுவே இல்லாமற் செய்ய வேண்டியதில்லை. அதன் ஆயுளைக் குறைத்தால் போதும். இதற்கான முன்னோட்டம் ஒன்று தமிழகத்தில் நடந்தது. கல்லணைக் கால்வாய் நீரோடு மலேரியாவும் பரவிய பட்டுக்கோட்டை வட்டத்தில், காசாங்காடு என்னும் ஊரில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் 1930களின் இறுதியில் வீடுகளுக்குள் பைரெத்ரம் தெளித்துப் பார்த்தார். பைரெத்ரத்தின் வீரியம் விரைவில் மறைந்துவிடும். அடிக்கடி தெளிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் பால் முல்லர் 1939இல் பூச்சிக்கொல்லியாகக் கண்டறிந்த டி.டி.டி., சுவரில் மாதக்கணக்கில் தங்கியது. அந்த ஒரு பண்புதான் முழு நாட்டுக்குமான திட்டத்தைக் கற்பனை செய்ய இடமளித்தது.

1949இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் தராய், மலைநாடு, ஜெய்ப்பூர் மலைகள் (ஒரிசாவின் ஜெய்ப்பூர்), எர்நாடு ஆகிய நான்கு இடங்களில் செயல்விளக்கக் குழுக்கள் இயங்கத் தொடங்கின. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. 1954இல் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவப்பட்டு, முதலில் டெல்லியிலும் பின்னர் ஆலுவாவுக்கு அருகிலுள்ள உத்யோகமண்டலிலும் டி.டி.டி. உள்நாட்டிலேயே உற்பத்தியாயிற்று. விடுதலையின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரைத் தாக்கி, எட்டு லட்சம் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்பட்ட நோய், ஐந்தே ஆண்டுகளில் இருபது லட்சம் அளவுக்கு இறங்கியது. ‘கட்டுப்பாடு’ என்ற சொல் 1958இல் ‘ஒழிப்பு’ ஆயிற்று. 1960களின் முற்பகுதியில் ஆண்டு நோயாளர் எண்ணிக்கை லட்சத்துக்கும் குறைவாகப் பதிவாயிற்று. இந்த வெற்றியை இன்றைய சூழலியல் உணர்விலிருந்து ஏளனம் செய்வது அறமாகாது. தராய் நிலத்தில் பிறந்த குழந்தைக்கு அது உயிர்.

எனினும் சுவருக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மூட்டைப்பூச்சியும் வீட்டு ஈயும் டி.டி.டி.யைத் தாங்கும் திறனைக் கொசுவைக் காட்டிலும் முன்னதாகவே பெற்றன. மூட்டைப்பூச்சிக்கு அம்மருந்து கொல்லும் பொருளாக இல்லாமல் உறுத்தும் பொருளாக மாறியது. தெளித்தவுடன் அவை விரிசல்களிலிருந்து பட்டப்பகலில் கூட்டமாக வெளியேறின. இதைக் கண்ட மக்கள், மருந்துதான் மூட்டைப்பூச்சியைப் பெருக்குகிறது என்று முடிவுகட்டினர். அதிகாரிகள் இதை ‘அறியாமை’ எனக் குறித்தனர். கண்ணால் கண்டதைக் கொண்டு வந்தடைந்த முடிவை அறியாமை என்பது எவ்வளவு பொருந்தும்? உறக்கம் தருவதாக வந்த மருந்து உறக்கத்தைக் கெடுத்தது. மக்களுக்குத் தெரிந்தது அவ்வளவே. முதலில் பூசையறை மூடப்பட்டது, பிறகு சமையலறை, பிறகு வீடு.

மறுப்புக்கு இன்னொரு வடிவமும் இருந்தது. அது மறுப்பாகக் கருதப்படவே இல்லை. மண்சுவர் வீடு ஓயாத பராமரிப்பைக் கோருவது. மழையில் கரைந்த பகுதியை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவதும், விழாவுக்கு முன் வீடு முழுவதையும் மெழுகுவதும் பெண்களின் பொறுப்பு. மருந்து தெளித்தபின் சுவரில் படியும் வெள்ளைத் திட்டுகள் பார்வைக்கு உவப்பானவையல்ல. இரண்டொரு வாரங்களில் அதன்மேல் புதிய பூச்சு ஏறியது. ஆறு மாதம் வேலை செய்ய வேண்டிய மருந்து, கைவிரல் தடம் பதிந்த சாணப் பூச்சின் அடியில் புதைந்தது. அறிக்கையில் அவ்வீடு ‘தெளிக்கப்பட்ட வீடு’ என்றே நீடித்தது.

வீடு தனக்கென ஓர் உயிரின ஒழுங்கைக் கொண்டது என்பதற்கு இந்தியாவுக்கு வெளியிலிருந்து ஒரு சான்றைக் காட்டலாம். அன்றைய வடக்கு போர்னியோவில் டி.டி.டி. தெளித்த வீடுகளின் ஓலைக்கூரைகள் வழக்கத்தைவிட விரைவாக இற்று விழுந்தன. ஓலையைத் தின்னும் அந்துப்புழுக்கள் மருந்து பட்ட இடத்தைத் தவிர்த்துத் தப்பின. அவற்றைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவிகளோ மடிந்தன. பூனைகளை வான்குடையில் இறக்கிய கதை இதோடு சேர்த்துச் சொல்லப்பட்டு வண்ணம் பல ஏறிவிட்டது. குளவியும் புழுவும் பற்றிய செய்தி கள ஆய்வில் பதிவானது. வீட்டுக்காரர் துரத்தும் குளவி, அவர் கூரையின் காவலாகவும் இருந்திருக்கிறது.

மலேரியா திரும்பி வந்த வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. 1976இல் நோயாளர் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. ஹாரி கிளீவர் 1977இலும், சாப்பினும் வாசர்ஸ்ட்ரோமும் 1981இலும், பசுமைப் புரட்சியின் பூச்சிக்கொல்லிப் பெருக்கத்தையும் அரசியல் பொருளாதாரத்தையும் நோய் மீட்சியோடு இணைத்தனர். வி.பி. சர்மாவும் கே.என். மெஹ்ரோத்ராவும் இதை மறுத்து, டி.டி.டி. உரிய நேரத்தில் வந்து சேராமை, நிதிக்குறைவு, நிர்வாகத் தளர்ச்சி ஆகியவற்றைச் சுட்டினர். இந்த விவாதத்தில் இரு தரப்பும் வலுவானவை. ஆனால் இரு தரப்பும் வீட்டுக்கு வெளியே நிற்கின்றன: ஒன்று வயலில், மற்றொன்று கிடங்கில். வீட்டின் உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதை அறிய, மலேரியாவை விட்டுவிட்டு வேறொரு நோயைப் பின்தொடர்வதே உதவும்.

காலா அசார், சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. அதன் கிருமியை 1903இல் லெய்ஷ்மனும், சென்னை மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவனும் தனித்தனியே விவரித்தனர். அது எதனால் பரவுகிறது என்பது மேலும் நாற்பதாண்டு காலம் புலப்படவில்லை. கிண்டி கிங் நிலையத்தில் பணிபுரிந்த டபிள்யூ.எஸ். பாட்டன் மூட்டைப்பூச்சியையே குற்றவாளியாகக் கருதினார். அசாம் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய டாட்ஸ் பிரைஸ், காரணம் தெரியாமலேயே, தொற்றில்லாத தொழிலாளர்களைப் பழைய குடியிருப்பிலிருந்து சில நூறு கஜ தூரத்தில் கட்டிய புதிய குடியிருப்புக்கு மாற்றினார். நோய் அவர்களைத் தொடரவில்லை. நோய் மனிதரோடு செல்லாமல் வீட்டோடு தங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இறுதியில் 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் மணல் ஈயின் கடியே காரணம் என்று தன்னார்வலர்களைக் கொண்டு மெய்ப்பித்தனர். மணல் ஈ கொசுவினும் சிறியது, கொசுவலையின் கண்ணி வழியே நுழையவல்லது, நெடுந்தூரம் பறக்காதது. ஈரம் பொதிந்த மண்சுவரின் விரிசலும், தொழுவத்தின் சாணம் கலந்த தரையும் அதன் உறைவிடங்கள்.

மலேரியாவுக்காகச் சுவரில் அடித்த மருந்து மணல் ஈயையும் கொன்றது. பீகாரில் காலா அசார் ஏறக்குறைய மறைந்தது. அதற்கென எந்தத் திட்டமும் இல்லை. எனவே அந்த வெற்றி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கணக்கில் ஏறாததைக் காப்பதற்கு நிதி ஒதுக்க எவருக்கும் தோன்றவில்லை. ஒழிப்புத் திட்டத்தின் விதிப்படி, மலேரியா அடங்கிய மாவட்டங்களில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. பத்தாண்டு அளவில் வைசாலி, முசாபர்பூர், சமஸ்திபூர் பகுதிகளில் வயிறு வீங்கி, தோல் கறுத்து, மாதக்கணக்கில் காய்ச்சலோடு மெலிந்தவர்கள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். 1977இல் அவர்கள் தொகை ஒரு லட்சம் என மதிப்பிடப்பட்டது. நோயை நேரில் கண்டிராத ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை எதிர்கொண்டனர். உபேந்திரநாத் பிரம்மச்சாரி கொல்கத்தாவில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் மரபில் வந்த ஆன்டிமனி மருந்துகளும் நாளடைவில் வடக்குப் பீகாரில் பலனிழந்தன.

மீண்டும் தெளிப்பு தொடங்கியபோது அது எல்லோருடைய வீட்டிலும் ஒன்றுபோல் நிகழவில்லை. செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்ட இயன்றவர் வீட்டில் விரிசல் குறைந்திருந்தது. மணல் ஈயும் குறைந்தது. முசகர் முதலிய தலித் சமூகத்தவரின் ஒற்றை அறை மண்வீட்டில் மனிதரும் ஆடுமாடுகளும் ஒரே கூரையின்கீழ் உறங்கினர். நோயின் நிலவரைபடமும் சாதியின் நிலவரைபடமும் பெரிதும் ஒன்றாயின. ஆயினும் அரசின் கவனம் சுவரைத் தெளிப்பதில் இருந்த அளவுக்குச் சுவரை மாற்றுவதில் நெடுங்காலம் இல்லை. டி.டி.டி. மலிவு, வீடு மலிவன்று.

1989இல் வேளாண்மையில் டி.டி.டி. தடைசெய்யப்பட்டபின்னும் பொதுச் சுகாதாரத்துக்கு அது அனுமதிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2004இல் நடைமுறைக்கு வந்த பிறகும் விலக்கு தொடர்ந்தது. 2005இல் இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய மூன்றும் 2015க்குள் காலா அசாரை அகற்றுவதாக உடன்பாடு செய்துகொண்டன. அந்த 2015ஆம் ஆண்டில்தான், பீகாரில் மருந்து தெளித்த சுவர்களைச் சுரண்டி எடுத்துச் சோதித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் சதுர மீட்டருக்கு ஒரு கிராம் என்ற குறைந்தபட்ச அளவு மருந்துகூட இல்லை. மணல் ஈயும் டி.டி.டி.யைத் தாங்கப் பழகியிருந்தது. தெளிக்கப் பயன்பட்டது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் நகரங்களின் வீடுகளில் குண்டுத்தீயை அணைக்க வைத்திருந்த வகையைச் சேர்ந்த ஸ்டிரப் பம்பு: ஒருவர் காலால் அழுத்திப் பிடித்து அடிக்க, மற்றவர் குழாயைச் சுவரை நோக்கி நீட்ட வேண்டும். அழுத்தம் ஏறி இறங்கும். சுவரின் ஓரிடத்தில் மருந்து வழியும், இன்னோரிடத்தில் படியவே படியாது. அதன்பின் பீகாரில் டி.டி.டி.க்கு மாற்றாகச் செயற்கைப் பைரெத்ராய்டும், கையால் காற்றழுத்தம் ஏற்றும் பம்பும் வந்தன. காசாங்காட்டில் ரஸ்ஸல் தெளித்த பைரெத்ரத்தின் வேதியியல் வழித்தோன்றல் அது.