கல்லைத் தேடிக் காலிக்கு

உயர்தர வகுப்பிலே ஒரு நாள் இலங்கையின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டுக்கு வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"அப்ப காலியும் எங்கட இடமா, சேர்?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆம் என்றாலும் பிழை. பேசாமல் இரு என்று அமர்த்தினாலும் பிழை. "அடுத்த கிழமை சொல்லுறன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

நேயர்களே, அந்தக் கல்வெட்டைப் பல வருடங்களாகப் படிப்பித்துவந்த நான் அதுவரை காலியைக் கண்டதில்லை. வெள்ளவத்தையில் என் வீட்டு ஒழுங்கை போய்ச் சேரும் பெருந்தெருவின் பெயரே காலி வீதி. ஆனால், போர்க்காலத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்த வீதி கல்கிசையோடு முடிந்துவிடும். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்த காலம் அது. தெற்கே உல்லாசமாகப் போய்வர எவருக்கு மனம் வரும்? 2009இல் போர் முடிந்த பின்னும் போகாதிருந்ததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

அந்தச் சனிக்கிழமை விடியவே புறப்பட்டேன். கொழும்புக் கோட்டையில் புகையிரதம் ஏறி, காலிக் கோட்டையைப் பார்க்கப் போவதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழும்புக் கோட்டையில் கோட்டை இல்லை. 1870ஐ அண்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் அதன் மதில்களை இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது. காலியிலோ மதில் அப்படியே நிற்கிறது.

வலப்பக்கம் கடல் கூடவே வந்தது. ஹிக்கடுவைக்குச் சற்று முன்னே பெரேலிய என்ற இடத்தைக் கடக்கையில் பெட்டியில் பேச்சுக் குறைந்ததாகத் தோன்றியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தையே புரட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன இடம் அது.

காலி நிலையத்திலிருந்து பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் தாண்டினால் கோட்டை மதில் எதிரே எழுகிறது. அன்றைய அலை பஸ் நிலையத்தையும் மைதானத்தையும் சூறையாடியது. மதிலுக்கு உள்ளேயிருந்த வீடுகளிற் பெரும்பாலானவை தப்பின. பகைவருக்கென்று கட்டிய மதில் ஊரைக் கடலிடமிருந்து காத்தது.

போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பழைய வாசலில் இந்த வரலாற்றை ஒரே சுவரின் இரு முகங்களிலும் காணலாம். உட்புறம் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினை. வெளிப்புறம் ஆங்கில அரசின் இலச்சினை. சற்று அப்பால் 1755இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம். அதன் தளத்திலே பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். மதில் மேலே நடந்து தென்மூலைக்குப் போனால், 1939இல் கட்டிய வெளிச்சவீடும் அதன் எதிரே வெண்ணிறப் பள்ளிவாசலும்.

இத்தனையும் எப்படித் தப்பின? 1875இல் கொழும்பில் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார்கள். பத்து ஆண்டுகளில் அது முடிந்ததும் பெருங்கப்பல்கள் காலியை விட்டு அங்கே போய்விட்டன. பணம் போன ஊரிலே பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லை. அந்த நொடிப்பே காலியைக் காத்தது; 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது.

நான் தேடிப் போன கல் ஒல்லாந்தருக்கும் போர்த்துக்கேயருக்கும் முந்தியது. சீனப் பேரரசர் யொங்லேயின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய கல். அதிலுள்ள திகதி 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இல், காலியில் கிரிப்ஸ் வீதி அருகே, ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது அது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகள் மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. தென்னாவரம் என்பது இன்றைய தெவிநுவர. 1344இல் அங்கு வந்த இபுன் பதூதா அக்கோயிலின் பெருமையை எழுதிவைத்தார். 1588இல் போர்த்துக்கேயர் அதை அழித்தார்கள்.

கல்லைச் சீனாவிலேயே பொறித்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அங்கே தமிழ் எழுத ஆள் ஏது என்று கேட்கத் தோன்றும். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று சிவன் கோயிலைச் சொல்கிறது. தமிழ் வணிகர் அங்கே வாழ்ந்தார்கள்.

மத்தியானம் கோட்டைக்குள் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினேன். என் பேச்சைக் கேட்ட முதியவர் ஒருவர், "எங்கேருந்து வாறீங்க?" என்று தமிழிலேயே விசாரித்தார். வெள்ளவத்தை என்றேன்.

"கல்லைப் பார்க்க வந்தன், நானா."

"அந்தக் கல்லு கொழும்பு மியூசியத்துலயல்லவா ஈக்கிது, மாஸ்டர்! அங்கேருந்து இங்க வந்தீங்களா?" என்று சிரித்தார்.

கல் கொழும்பில் இருப்பதை நானும் அறிவேன். அது நின்ற ஊரைப் பார்க்க வந்தேன் என்றேன். "வாப்பாட வாப்பா காலத்துலேருந்து நாங்க இங்கதான்" என்றார் அவர். தமிழில் என்னோடு பேசிக்கொண்டே கடைக்காரரிடம் சிங்களத்தில் இன்னொரு தேநீர் சொன்னார். காசு கொடுக்க என்னை விடவில்லை.

திரும்பும் புகையிரதத்தில் மாணவனின் கேள்விக்கு விடை தேடினேன். அந்தக் கல்லிலே சிங்களம் இல்லை. இல்லாதபடியால் காலியில் சிங்களவர் இருக்கவில்லை என்று புத்தியுள்ள எவனும் சொல்லமாட்டான். அப்படியானால், தமிழ் இருக்கிறபடியால் ஊர் நமது என்று நாம் எப்படிச் சொல்வது? அதே நியாயம் சீனனுக்கும் பாரசீகனுக்கும் உண்டல்லவா? கல்லை நாட்டிய செங் ஹேயோ, தென்னிலங்கையில் அதிகாரம் செலுத்திய அழகேஸ்வரனை 1411இல் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனவர். காணிக்கைக் கல்லுக்குப் பின்னே படையும் நின்றது. எனினும் ஒன்று உறுதி. இத்தீவின் தென்கரையில் தன் சொல் எட்ட வேண்டுமென்றால் தமிழிலும் எழுத வேண்டும் என்று சீனத்து அரசவை அறிந்திருந்தது. அவ்வளவு தமிழர் இங்கே வந்தார்கள், விற்றார்கள், வாங்கினார்கள், கும்பிட்டார்கள். அந்தச் செய்தி எனக்குப் போதும்.

மறு கிழமை அந்த வகுப்பைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிச் சென்றேன். உச்சியில் இரு சீனப் பறவைநாகங்கள் எதிரெதிரே செதுக்கிய கல். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். காலியில் யோசித்ததையெல்லாம் கல்லுக்கு முன் நின்று சொன்னேன்.

கேள்வி கேட்ட மாணவன் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தமிழ்ப் பகுதியைக் கிட்ட நின்று பார்த்தான். பொன்னும் வெள்ளியும் அதில் கழஞ்சு என்ற நிறைக் கணக்கில் வருவதைச் சொன்னேன்.

"கழஞ்சு எண்டா எவ்வளவு, சேர்?" என்றான்.

கழற்சி விதையில் தொடங்கிச் சொல்லத் தொடங்கினேன். எல்லாரும் கிட்ட வந்து நின்றார்கள்.