புத்தளக் கரையில் இராசாளி

போர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் படைகள் பொருத களங்களையும் குண்டு வீழ்ந்த நகரங்களையுமே எடுத்துரைப்பர். பகைவர் குறிவையாத இடங்களும் போரினால் உயிரிழப்பெய்தின என்பது அவ்வரலாறுகளில் எளிதில் மறைந்துவிடுகின்றது. இரண்டாம் உலகப் பெரும்போரிற் புத்தளக் கடற்கரை அத்தகைய இடங்களுள் ஒன்றாயிருந்தது. அங்கே விமானங்களை வீழ்த்தியவை பகைவர் பீரங்கிகளல்ல. பயிற்சியும் பொறிக்கோளாறும் நிலத்தின் இயல்புமேயாம். அவ்வீழ்ச்சிகளை எவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண் நிலத்தின் தன்மையை நோக்குவோம். பாலைக்கெனத் தனி நிலமில்லை, வேனிலின் வெம்மையால் ஏனை நிலங்கள் திரிந்தே பாலையாகும் என்பது தமிழ் மரபு. புத்தளக் கரை நெய்தல் நிலம். ஆயினும் மழை பொய்த்த மாதங்களில் அது பாலையின் படிமத்தைக் கொள்ளும். ஒருபுறம் கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் மேடுகள். நடுவே ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடைய ஆழமற்ற களப்பு. அதன் ஓரங்களில் உப்பளங்கள். வடக்கே வில்பத்துக் காடு. 1344ஆம் ஆண்டில் இபன் பத்தூத்தா வந்திறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்ட பத்தாலா என்னும் பட்டினம் இப்புத்தளமே என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். உப்பும் மீனும் தெங்கும் விளைந்த இக்கரைக்கு விமானங்கள் வந்த காரணம் 1942ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளாகும்.

அவ்வாண்டு ஏப்பிரல் 4ஆந் தேதி, கொக்கலையிலிருந்து எழுந்த கற்றலீனா என்னும் கடல் விமானம் தெற்கே யப்பானியக் கப்பற்றொகுதியைக் கண்டு செய்தி அனுப்பியது. உடனே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் தலைவர் கனடா நாட்டினரான லெனாட் பேர்ச்சல். ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். மறுநாள், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் அமிழ்ந்தது. கொழும்பும் திருகோணமலையும் மட்டும் போதா, தீவெங்கும் விமானத்தளங்கள் பரந்திருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை ஆங்கிலர் அவ்வாரத்திற் கற்றனர். காட்டை வெட்டியும் மேட்டைச் சமப்படுத்தியும் பல ஓடுபாதைகள் அமைந்தன. புத்தளம் நகருக்குத் தெற்கே, கற்பிட்டிச் சாலை பிரியும் பாலாவியில் அமைந்த தளமும் அவற்றுள் ஒன்று. இப்பாலாவி திருக்கேதீச்சரத்துத் தீர்த்தமான பாலாவியின் வேறானது என்பதை மாணவர் மனங்கொள்க.

1943இல் பிரித்தானியக் கடற்படை அத்தளத்துக்கு ‘இராசாளிய’ எனப் பெயரிட்டது. நிலத்திலுள்ள தளத்தையும் கப்பலெனவே கொண்டு பெயரிடுதல் அப்படையின் வழக்கம்; விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர்களை விரும்பிச் சூட்டினர். இராசாளிய என்பது சிங்களச் சொல்லாயினும் நம் ‘இராசாளி’யை அறிந்தார்க்கு அது புதிதன்று. கட்டுக்குருந்தையிலிருந்த தளம் பருந்தைக் குறிக்கும் ‘உக்குஸ்ஸ’ என்னும் பெயர் பெற்றது. பாக்கு நீரிணைக்கு அப்பால் தாம்பரத்துத் தளம் ‘வல்லூறு’, சூலூர்த் தளம் ‘வைரி’, கொச்சித் தளம் ‘கழுகு’, கோயம்புத்தூரிலிருந்த விமானம் பழுதுபார்க்கும் நிலையம் ‘கருடன்’. தமிழும் சிங்களமும் வடமொழியும் தந்த இப்பறவைப் பெயர்கள் ஆங்கிலக் கடற்படையின் பட்டியலில் ஏறிய செய்தி மொழியாராய்வார்க்கும் சுவைதருவதாகும்.

புத்தளத்தில் விமானந்தாங்கிக் கப்பல்களின் படைப்பிரிவுகள் கரையிறங்கிப் பயின்றன. அவற்றுள் முதன்மையாகப் பேசப்படுவது கோர்செயர் என்னும் அமெரிக்கப் போர் விமானம். 2,000 குதிரை வலுவும் 18 உருளைகளும் கொண்ட அதன் எஞ்சின் பெரிது. 13 அடிக்கு மேற்பட்ட விட்டமுடைய விசிறி நிலத்தில் உரசாதிருத்தற்பொருட்டு இறக்கைகளைக் கீழ்நோக்கி வளைத்து அமைத்தனர். மூக்கு மிக நீண்டமையால் இறங்கும்போது விமானிக்கு முன்னாலுள்ள பாதை மறைந்துவிடும். ஆகவே வளைந்து வளைந்து அணுகி, கடைசிக் கணத்திலேயே நேர்ப்படுதல் வேண்டும். அசையும் கப்பற்றளத்தில் இறங்கவேண்டிய இளைஞர் அதற்கு முன்னர் நிலத்து ஓடுபாதையைக் கப்பற்றளமாகப் பாவித்து மீண்டும் மீண்டும் இறங்கிப் பழகினர். வேகம் சிறிது குறையின் ஒருபக்க இறக்கை சரியும். தாழப் பறக்கும் விமானத்தை மீட்க உயரமும் இராது.

போரிலே தேர்ந்த விமானியும் இதற்கு விலக்கல்லர். பிரித்தானியப் போரில் டக்ளஸ் பேடருடன் பறந்து புகழெய்திய றிச்சட் கோர்க், கோர்செயர்ப் படையின் தலைவராய் இலங்கைக்கு வந்தவர். 1944 ஏப்பிரல் 14ஆந் தேதி விடியுமுன் இருளிலே திருகோணமலைச் சீனக்குடாத் தளத்தில் இறங்குகையில், ஓடுபாதையிலிருந்த மற்றொரு கோர்செயருடன் மோதி அவர் மாண்டார். மற்ற விமானியும் மாண்டார். பகைவர் விமானம் ஒன்றேனும் அருகில் இருந்ததன்று. புகழ்பெற்றார்க்கு நேர்ந்தது புகழ்பெறாத எத்துணை இளைஞர்க்கு நேர்ந்திருக்கும் என்பதை இதனால் உய்த்துணரலாம்.

ஓடுபாதையை எட்டாத விமானத்துக்கு நிலமே விதியாகின்றது. ஒற்றை எஞ்சின் நின்றதும் முடிவெடுக்க விமானிக்குக் கிடைப்பது சில விநாடிகளே. வானிலிருந்து நோக்குங்கால் உப்பளமும் வற்றிய களப்போரமும் சமதளமான ஓடுபாதை போலத் தோன்றும். ஆனால் வெண்ணிற மேலோட்டின் கீழே கிடப்பது சேறு. சில்லுகளை நீட்டி இறங்கினால் அவை புதைந்து விமானம் குப்புறக் கவிழும். சில்லுகளை மடக்கி வயிற்றால் வழுக்கி இறங்குவதே தக்க முறை. நீரில் இறங்கினாலோ எஞ்சினின் பாரம் மூக்கை முன்னே இழுத்து அமிழ்த்தும். ஓடுபாதையை விட்டு விலகிய விமானங்களையும் இம்மண் விட்டதில்லை. 1944இல் புத்தளத்தில் எடுக்கப்பட்டு இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திற் பேணப்படும் புகைப்படங்களில், கோர்செயர் விமானத்தை யானை இழுத்துச் செல்லுங் காட்சியைக் காணலாம். இரண்டாயிரங் குதிரைகளின் வலுவுடைய பொறி தன் ஆற்றலால் நகரமாட்டாத நிலத்தில் யானையின் துணையை நாடியது.

உண்மைப் பாலைவனங்களில் நிகழ்ந்தவற்றை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். 1943 ஏப்பிரல் 4ஆந் தேதி நேப்பிள்ஸ் நகர்த் தாக்குதலுக்குச் சென்று மீண்ட ‘லேடி பீ குட்’ என்னும் அமெரிக்க விமானம், இரவில் தன் தளத்தைக் கடந்து லிபியப் பாலையினுள் ஏறத்தாழ 440 மைல் சென்றது. ஒன்பதின்மரும் குடைகளில் குதித்தனர். தப்பியோர் வடக்கு நோக்கி நடந்து நீரின்றி மாண்டனர். 1958இல் எண்ணெய் தேடியோர் கண்ணிற் பட்டபோது விமானம் பெரிதும் அழியாதிருந்தது. 1960இல் எண்மரின் உடல்கள் மீட்கப்பட்டன. 1942 யூன் 28இல் எகிப்தில் மறைந்த டெனிஸ் கொப்பிங்கின் கிற்றிகோக் விமானமும் 70 ஆண்டுகளின் பின், 2012இல், மணல்மீது கண்டெடுக்கப்பட்டது. விமானி அதனருகே இல்லை. வறண்ட பாலை பொறியைக் காத்தது, மனிதனைக் காக்கவில்லை. நம் கரையிலோ உப்புக் காற்றும் உவர்நீரும் அலுமினியக் கலவையை அரிக்கின்றன. எஞ்சுவனவற்றை மணல் மூடுகின்றது.

ஆதலின் புத்தளக் கரையில் உலோகத்துண்டு ஒன்று வலையிற் சிக்கினால் அதனை வீழ்ந்த விமானமென விரைந்து துணிதல் கூடாது. கோர்செயர்கள் கடன்-குத்தகை முறையில் அமெரிக்கா அளித்தவை. போர் முடிந்தபின் விலை கொடுத்துக் கொள்ளவோ திருப்பி அனுப்பவோ விரும்பப்படாத அத்தகைய விமானங்கள் பல கடலிலே தள்ளப்பட்டன. சுழன்றுகொண்டே மோதிய விசிறியின் இதழ்கள் வளைந்திருக்கும். தள்ளப்பட்டதன் இதழ்கள் பெரும்பாலும் நேரே இருக்கும். எண் பொறித்த தகடு கிடைப்பின் அதனைக் கடற்படை ஏடுகளோடு ஒப்பிட்டு விமானியின் பெயரையும் அறியலாம். துண்டை அகற்றுவதற்கு முன்னர் இடத்தையும் கிடந்த நிலையையும் குறித்துக்கொள்ளுதல் ஆராய்ச்சியின் முதற்படியாகும்.

மாண்டோரின் பெயர்கள் எங்கே உள்ளன? உடல் கிடைத்தோர் சிலர் கொழும்பிலும் திருகோணமலையிலும் கண்டியிலுமுள்ள கல்லறைகளில் துயில்கின்றனர். கடல் கொண்ட கடற்படை விமானிகளின் பெயர்கள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லீ-ஒன்-சொலென்ற் என்னும் ஊரில், 1953இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில், 1,900க்கு மேற்பட்ட பெயர்களோடு பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்குள்ளார்க்குப் பெயர் தெரியும், வீழ்ந்த கரை தெரியாது. இங்குள்ளார்க்குக் கரை தெரியும், வீழ்ந்தவன் பெயர் தெரியாது. இவ்விரண்டையும் இணைத்தலே வரலாற்றின் கடன். கற்பிட்டி, முந்தல், உடப்பு முதலிய ஊர்களில் தந்தையரும் பாட்டன்மாரும் சொல்லிச் சென்ற செய்திகள் இன்னும் சிலர் நாவில் உள்ளன. அவற்றை ஊர், காலம், சொன்னவர் ஆகிய விவரங்களோடு எழுதிவைத்து ஏடுகளோடு ஒப்பிடும் பணி நம் மாணவர்க்கு ஏற்றதாகும். உவர்நீர் உலோகத்துக்குத் தவணை அளிப்பதில்லை. முதுமையும் நினைவுக்கு அளிப்பதில்லை. அப்பணியை இன்றே தொடங்குதல் நன்று.