குவாம் தீவின் சூறாவளி எச்சரிக்கை: எண் குறையக் குறைய நெருங்கும் ஆபத்து

மேற்குப் பசுபிக் சமுத்திரத்தில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே சுமார் 2400 கிலோ மீற்றர் தொலைவில் குவாம் தீவு அமைந்துள்ளது. 1898 ஆம் ஆண்டில் ஸ்பெயினிடமிருந்து ஐக்கிய அமெரிக்காவின் வசமான இத்தீவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கின்றனர். வங்காள விரிகுடாவில் சூறாவளி என நாம் அழைக்கும் அதே இயற்கைத் தோற்றப்பாடு, அங்கு மணித்தியாலத்துக்கு 119 கிலோ மீற்றர் வேகத்தை எட்டும்போது 'டைபூன்' எனப்படுகின்றது.

ஏறத்தாழ 48 கிலோ மீற்றர் நீளமே கொண்ட குவாமில், புயல் வருகின்றதென்று மக்கள் விலகிச் செல்வதற்கு வேறு நிலப்பரப்பு இல்லை. எனவே அங்கு எச்சரிக்கை என்பது ஓடுவதற்கான அறிவித்தல் அன்று. இருக்கும் இடத்தைப் பலப்படுத்திக் கொள்வதற்கான கால அவகாசமே ஆகும்.

இதற்கென நான்கு தயார்நிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஜூலை முதல் டிசெம்பர் வரையே பிரதான சூறாவளிக் காலமெனினும், எந்த மாதத்திலும் புயல் வரலாம் என்பதால் நான்காம் நிலை ஆண்டு முழுவதும் நடைமுறையில் இருக்கும். சேதம் விளைவிக்கும் காற்று 48 மணித்தியாலங்களுக்குள் வீசக்கூடும் எனில் மூன்றாம் நிலையும், 24 மணித்தியாலங்களுக்குள் எனில் இரண்டாம் நிலையும், 12 மணித்தியாலங்களுக்குள் எனில் முதலாம் நிலையும் பிரகடனப்படுத்தப்படும். தேசிய வானிலைச் சேவை புயலின் பாதையை முன்னறிவிக்க, ஆளுநர் தயார்நிலையைப் பிரகடனம் செய்கின்றார். ஜன்னல்களை அடைத்தல், நீர் சேமித்தல், பாடசாலைகளைப் புகலிடங்களாகத் திறத்தல் ஆகிய பணிகள் யாவும் முதலாம் நிலையில் காற்று வலுப்பெறுவதற்கு முன்னர் நிறைவு பெற வேண்டும்.

இங்கு கவனிக்கத்தக்க ஒரு விடயமுண்டு. குவாமின் சனத்தொகையில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர். பிலிப்பைன்ஸிலோ முதலாம் இலக்கச் சமிக்ஞையே மிகக் குறைந்த ஆபத்தைக் குறிக்கும்; ஐந்தாம் இலக்கமே உச்சம். ஒரே எண் ஒரு நாட்டில் ஆறுதலாகவும் மற்றொன்றில் அபாய அறிவிப்பாகவும் அமைகின்றது. எண்ணை மட்டும் சொல்லாமல், எஞ்சியுள்ள மணித்தியாலங்களையும் செய்ய வேண்டியதையும் மக்களுக்கு விளங்கும் மொழியில் சொல்வதன் அவசியத்தை இது உணர்த்துகின்றது.

எச்சரிக்கை மட்டும் உயிர்களைக் காத்துவிடுவதில்லை. 1962 நவம்பரில் வீசிய 'கரென்' சூறாவளி 11 பேரைப் பலிகொண்டதுடன், தீவின் வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் சேதப்படுத்தவோ அழிக்கவோ செய்தது. அதன் பின்னரும், 1976 இல் 'பமெலா' தாக்கிய பின்னரும், கொங்கிரீட் வீடுகளே அங்கு வழக்கமாயின. 2002 டிசெம்பரில் 'பொங்சோனா' தாக்கியபோது சிதறிய கண்ணாடித் துண்டுகளால் பலர் காயமடைந்தனர். துறைமுகப் பகுதியில் எரிபொருள் தாங்கிகள் தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்ததால் பெற்றோல் விநியோகமும் முடங்கியது. 2023 மே மாதத்தில், மணித்தியாலத்துக்குச் சுமார் 225 கிலோ மீற்றர் வேகக் காற்றுடன் 'மாவார்' தீவின் வட முனையை அண்டிக் கடந்து சென்றது. பெருமளவில் உயிரிழப்பு ஏற்படவில்லை. ஆயினும் தீவின் பெரும்பகுதி மின்சாரத்தையும் குடிநீரையும் இழந்து, வழமை நிலை திரும்ப வாரங்கள் சென்றன. சுவர்கள் தாங்கினாலும் மின்கம்பிகள் தாங்கவில்லை.

புயலின் மையப்பகுதி கடக்கும்போது காற்று திடீரென அடங்கிவிடும். ஆபத்து நீங்கியதென எண்ணி வெளியே வருவோரை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வீசும் காற்று தாக்கும். ஆகையால் ஆபத்து நீங்கியதென உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்படும் வரை வீட்டினுள்ளேயே இருக்குமாறு மக்கள் அறிவுறுத்தப்படுகின்றனர். புயல் வருமுன் சொல்லப்படும் எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பது எவ்வளவு முக்கியமோ, அது விலக்கப்படும் வரை பொறுத்திருப்பதும் அவ்வளவு முக்கியமாகும்.